பாப் ஜேம்ஸ்: 'ஸ்மூத்' ஆவதற்கு முன்னால்

லிஃப்டிலும் ஹோட்டல் லாபியிலும் ஓடுகிற சங்கீதம் என்று ஸ்மூத் ஜாஸைக் கிண்டல் செய்யாத ஜாஸ் ரசிகர்கள் குறைவு. சாக்ஸபோன் வழுக்கிக்கொண்டு போகும், கீபோர்டு பின்னால் மெத்தை விரிக்கும், காதுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. இந்தப் பாணிக்கு வழி போட்டவர்களில் ஒருவர் என்று பாப் ஜேம்ஸைச் சொல்வார்கள். அதனால் கிண்டலில் ஒரு பெரிய பங்கும் அவருக்கே வந்து சேர்ந்தது. ஆனால் மனிதர் ஆரம்பித்த இடமே வேறு!

1939 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மார்ஷல் என்ற சின்ன ஊரில் பிறந்தார். நாலு வயதில் பியானோ. பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசைப் படிப்பு. 1962-ல் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் நடந்த கல்லூரி ஜாஸ் விழாவில் அவருடைய மூவர் குழு வாசித்ததை குவின்சி ஜோன்ஸ் கேட்டார். அடுத்த வருடமே 'போல்ட் கான்செப்ஷன்ஸ்' என்ற முதல் ஆல்பம், குவின்சியின் தயாரிப்பில், மெர்குரி நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. கல்லூரி மாணவனுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்குமா?

அந்த வெற்றியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியிருக்கலாம். அவரோ 1965-ல் 'எக்ஸ்ப்ளோஷன்ஸ்' என்று ஒரு ஆல்பம் போட்டார். வெளியிட்டது ஈஎஸ்பி டிஸ்க் என்ற, புரட்சிகரமான இசைக்குப் பேர் போன சின்ன கம்பெனி. பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றுக்கும் நடுவில் ராபர்ட் ஆஷ்லி, கார்டன் மம்மா இருவரும் உருவாக்கிய எலெக்ட்ரானிக் டேப் ஒலிகள் கிறீச்சிடும், உறுமும். ரேடியோவில் போட்டால் நேயர் உடனே ஸ்டேஷனை மாற்றிவிடுவார். ஸ்மூத் ஜாஸின் முன்னோடி வாசித்ததுதான் அது!

பிறகு எப்படி இந்தப் பக்கம் வந்தார்? "காசுக்காக மாறிவிட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர் சாரா வான். அறுபதுகளின் பிற்பாதியில் சில வருடங்கள் அந்த மகா பாடகிக்கு பியானோ வாசித்து, குழுவையும் நடத்தினார். பக்கவாத்தியக்காரர் பாடுபவரின் குரலுக்கு இடம் விட்டு வாசிக்க வேண்டும். எங்கே வாசிக்கக்கூடாது என்று தெரிவதுதான் அங்கே பெரிய வித்தை. பின்னாளில் பாப் ஜேம்ஸின் இசையில் கேட்கிற அந்த அடக்கத்துக்கு இங்கேதான் வேர் இருந்திருக்க வேண்டும்.

1969-ல் குவின்சியின் 'வாக்கிங் இன் ஸ்பேஸ்' ஆல்பத்தில் எலெக்ட்ரிக் பியானோ வாசித்தார். அதன் தயாரிப்பாளர் க்ரீட் டெய்லர். அவருடைய சிடிஐ நிறுவனத்துக்குச் சீக்கிரமே பாப் ஜேம்ஸ் ஒரு முக்கியமான அரேஞ்சர் ஆனார். 1971-ல் ஹாங்க் க்ராஃபோர்டு என்ற சாக்ஸபோன் கலைஞரால் ஒரு ரெக்கார்டிங்குக்கு வரமுடியாமல் போக, அவர் இடத்தில் குரோவர் வாஷிங்டன் ஜூனியரை நிறுத்தினார்கள். அப்படிப் பிறந்தது 'இன்னர் சிட்டி ப்ளூஸ்'. அரேஞ்ச்மெண்ட் பாப் ஜேம்ஸ். இதே ஜோடியின் 'மிஸ்டர் மேஜிக்' 1975-ல் ஜாஸ், சோல் ஆல்பம் பட்டியல்கள் இரண்டிலும் முதலிடம் பிடித்தது.

1974-ல் தன் பெயரிலேயே ஒரு ஆல்பம். பெயர் 'ஒன்'. அடுத்தது 'டூ', அதற்கடுத்தது 'த்ரீ'. பெயர் வைப்பதில் ரொம்ப மெனக்கெடவில்லை போலிருக்கிறது :) முசோர்க்ஸ்கியையும் பாகல்பெல்லையும் எடுத்து ஃபங்க் தாளத்தில் உட்கார வைத்திருப்பார். முக்கிய வாத்தியம் ஃபெண்டர் ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ. உள்ளே தந்திகள் கிடையாது. சின்னச் சுத்தியல் மெல்லிய உலோகக் கம்பியைத் தட்ட, அந்த அதிர்வை காந்தச் சுருள் மின்சாரமாக மாற்றும். மணியும் பியானோவும் கலந்த அந்த ஒலிதான் பின்னாளில் ஸ்மூத் ஜாஸுக்கு அடையாளமே ஆனது. அந்தப் பெயர் ரேடியோக்களில் பரவியதோ எண்பதுகளின் பிற்பாதியில்தான். 1974-ல் அவர் வாசித்துக்கொண்டிருந்ததற்கு அப்படி ஒரு பெயரே கிடையாது.

'ஒன்' இசைத்தட்டில் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் 'நாட்டிலஸ்' என்று ஒரு பாட்டு. கடைசிப் பாட்டு என்றால் வழக்கமாக யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இடம். ஆனால் கேரி கிங்கின் பேஸும் இட்ரிஸ் முகமதின் டிரம்ஸும் அதில் பின்னிப்பிணைந்து போவதை ஹிப்-ஹாப் காரர்கள் விடவில்லை. 1988-ல் எரிக் பி அண்ட் ராக்கிம், ஸ்லிக் ரிக், 1996-ல் கோஸ்ட்ஃபேஸ் கில்லா என்று வரிசையாக அதிலிருந்து துண்டெடுத்தார்கள். 'டூ' ஆல்பத்தில் வந்த 'டேக் மீ டு த மார்டி கிரா'வின் மணியோசை 1986-ல் ரன் டிஎம்சியின் 'பீட்டர் பைப்பர்' ஆனது. சாது சங்கீதம் என்று விமர்சகர்கள் ஒதுக்கிய இசைத்தட்டுகள், தெருவில் பிறந்த முரட்டு இசைக்கு அஸ்திவாரமாயின!

1977-ல் டாப்பன் ஸீ என்று சொந்த லேபிள் தொடங்கினார். 1978-ல் 'டாக்ஸி' தொலைக்காட்சித் தொடருக்கு இசை. ஒரே ஒரு எபிசோடில் வரும் ஏஞ்சலா என்ற பெண் பாத்திரத்துக்காகப் போட்ட மெட்டு தயாரிப்பாளர்களுக்குப் பிடித்துப்போய், அதையே தொடரின் முகப்பு இசையாக்கிவிட்டார்கள். பாலத்தைக் கடக்கும் ஒரு மஞ்சள் டாக்ஸி, பின்னால் அந்த ரோட்ஸ்... கோடிக்கணக்கான வீடுகளுக்குள் அவர் நுழைந்தது இப்படித்தான். கிடாரிஸ்ட் ஏர்ல் க்ளூவுடன் செய்த 'ஒன் ஆன் ஒன்' 1981-ல் கிராமி விருது வாங்கியது.

1965-ன் கலகக்காரன் செத்துப்போய்விட்டானா? 'எக்ஸ்ப்ளோஷன்ஸ்' கேட்டுவிட்டு உடனே 'நாட்டிலஸ்' போட்டுப் பாருங்கள். அதன் ஆரம்பத்தில், கடலுக்கடியில் ஏதோ நகர்வது போல ஒரு விநோத ஒலி வரும். கலகக்காரன் எங்கும் போகவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டான் என்று அப்போது தோன்றும்.