97 மதிப்பெண், 18 வயது

பெருநாள் காசைச் சேர்த்து வைத்து வீடியோ கேம் கேட்கும் பிள்ளைகள், காஜிமார் தெருவானாலும் கோரிப்பாளையமானாலும், நம்மிடம் காட்டும் சான்று ஒன்றே: "அத்தா, இதுக்கு 97 மார்க்!"

அந்த எண் எப்படிப் பிறக்கிறது? விமர்சகர்கள் விளையாடிப் பார்த்து, காட்சியமைப்பு, இயக்கம், கதை, ஒலி ஆகியவற்றை எடைபோட்டு மதிப்பெண் இடுகின்றனர். மெட்டாகிரிட்டிக் தளம் அவற்றை 100க்கு மாற்றி, சில ஏடுகளுக்குக் கூடுதல் எடை தந்து சராசரி காண்கிறது. 2013இல் வெளியான 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' பிளேஸ்டேஷன் 3இல் அங்கே பெற்றது 97. கொள்ளையும் கொலையும் நிறைந்த அதே விளையாட்டுக்கு ஐரோப்பிய வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி இட்ட முத்திரை 18. இரண்டும் உண்மையே. முன்னது கைத்திறனை அளக்கிறது. பின்னது வயதை வரையறுக்கிறது. தொழுகை நேரத்தை அது விழுங்குமா என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம், அளவையில் குறைவு செய்வோரை எச்சரித்தே தொடங்குகிறது. படித்துப் பாராமல் மறுப்பதும், ஓர் எண்ணை நம்பி வாங்கித் தருவதும் குறைந்த அளவையே. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களை அருகில் அமர்த்தி, முத்திரையையும் விமர்சனத்தையும் முழுமையாக வாசித்து, அதன்பின் முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ்.