ஆட்டோ வைப்பர் மழையைப் பார்ப்பதில்லை

உங்க கார்ல ஆட்டோ வைப்பர் இருக்கா? தூறல்ல சும்மா இருக்கும். காய்ஞ்ச கண்ணாடியைத் திடீர்னு துடைக்கும். பழுதுன்னு முடிவு கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க.

ரியர்வியூ மிரருக்குப் பின்னால, முன்கண்ணாடியில் ஒரு சின்ன சென்சார் ஒட்டியிருக்கும். அது கண்ணாடிக்குள் சுமார் 45 டிகிரி சாய்வில் அகச்சிவப்பு ஒளியை அனுப்பும்.

வெளிப்பக்கம் காய்ஞ்சிருந்தா ஒளி முழுசா எதிரொளிச்சு சென்சாருக்கே திரும்பும். நீர்த்துளி இருந்தா அதில் ஒரு பகுதி துளி வழியா வெளியே போயிடும். திரும்பும் ஒளி குறைஞ்சா, "மழை!"

ஆக, அது அளப்பது மழையை அல்ல, ஒளியை. அதுவும் அந்தச் சின்ன இடத்தில் மட்டும். அங்கே அழுக்கோ பூச்சியோ ஒட்டினாலும் ஏமாறலாம்.

வார்டில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் ஒளியை வெச்சுத்தான் ஆக்ஸிஜன் அளவைக் கணக்கிடுது. விரல் சில்லுனு இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தப்பா காட்டலாம். அதனாலதான் நாங்க எண்ணோட நிறுத்தாம நோயாளியோட மூச்சையும் பார்ப்போம்.

நீங்களும் அப்படித்தான். முன்னே போற லாரி தண்ணியை வாரியடிச்சு பார்வை மறைஞ்சா, சென்சாருக்காகக் காத்திருக்காதீங்க. லீவரைத் தட்டுங்க.

கண்ணாடியைக் கையால துடைக்கும் முன்னாடியும், வாட்டர் வாஷுக்கு விடும் முன்னாடியும் ஆட்டோவை ஆஃப் பண்ணிடுங்க. வைப்பர் திடீர்னு ஓடினா அடிபடுறது விரல்.