மலேரியா கண்ட இரத்தம்

போன மாதம் டோர்வலில் ஒரு மண்டபத்தில் இரத்ததானம் நடந்தது. வேலை முடிந்து வரும் வழியில் நானும் வரிசையில் நின்றேன். எப்போதாவது மலேரியா வந்ததா என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். தாதி சிரித்தபடியே திருப்பி அனுப்பிவிட்டா.

ஒரு தரமா வந்தது! கிளிநொச்சியில் சின்ன வயதில் எத்தனை தரம் நடுங்கியிருப்பேன். வீட்டிலிருந்த போர்வை, சாக்கு எல்லாவற்றையும் அம்மா மேலே போட்டு அமத்திப் பிடிப்பா. குளோரோகுவின் கசப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. வளர வளர, காய்ச்சல் வந்தாலும் இரண்டு நாளில் எழும்பிவிடுவேன். "அவனுக்கு அது பழகிப்போச்சு" என்பார் அப்பு.

அந்தத் துணிச்சலில்தான் 1997இல் ஏஜென்சிக்காரன் டோகோ நாட்டின் லோமே நகரில் எங்களை இறக்கிவிட்டபோது நுளம்புவலை இல்லாமல் படுத்தேன். அறை கூட்டவரும் பொடியனுக்கும் எனக்கும் ஒரே கிழமையில் காய்ச்சல். அவன் மூன்றாம் நாள் வேலைக்கு வந்தான். நான் நினைவில்லாமல் கிடந்தேன். எங்களோடு வந்த இன்னொருவர் எழும்பவேயில்லை. எனக்கு யாரோ ஒரு லோமேக்காரரின் இரத்தம் ஏற்றினார்களாம்.

வன்னியில் எங்களை அதிகம் பிடித்தது வைவாக்ஸ். அங்கே இருந்தது பெரும்பாலும் ஃபால்சிபாரம். ஒன்றுக்குப் பழகிய உடம்பு மற்றதைப் பெரிதாகத் தடுக்காது. ஃபால்சிபாரம் கிருமி, தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேற்பரப்பில் காட்டும் புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். உடம்பு ஒரு சட்டையை அடையாளம் பிடிப்பதற்குள் அது வேறு சட்டை போட்டுவிடும். பல வருடம் கடி வாங்கித்தான் அந்தப் பொடியன் தேறியிருந்தான். அவனும் ஊரை விட்டுப் போய்ப் பல வருடம் இருந்தால் அது தேய்ந்துவிடும்.

1961இல் கோஹன், மக்கிரகர் குழுவினர், காம்பியாவில் வளர்ந்தவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளை மலேரியா வந்த பிள்ளைகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். கிருமி குறைந்தது. எதிர்ப்பு இரத்தத்தில் இருக்கிறதென்றால் தடுப்பூசியும் முடியும் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய பலம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் ஆர்டிஎஸ்,எஸ் என்ற முதல் ஊசியைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க 2021 ஆகிவிட்டது. கிருமி ஈரலுக்குள் நுழையுமுன் மறிப்பதுதான் அதன் வேலை. நாலு தரம் போட்டும் பத்துக் காய்ச்சலில் நாலைத்தான் தடுத்தது. கொஞ்சம்தான். லோமேயில் அந்தக் கொஞ்சத்தின் பெறுமதி எனக்குத் தெரியும். 2023இல் ஆர்21 என்ற இரண்டாவது ஊசியும் வந்தது.

இலங்கைக்கு 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. கிளிநொச்சியில் இருக்கும் தங்கச்சியின் பிள்ளைகளுக்கு அந்த நடுக்கம் என்னவென்றே தெரியாது.

இரத்தம் கொடுக்க முடியாமல் வந்த கதையை வீட்டில் சொன்னேன். அடுத்த முறைக்கு மகள் தன் பெயரைப் பதிந்துவிட்டாள்.