பாட்டும் கருவியும்: வாவிக்கரைக் குறிப்புகள்

பெறாமகள் மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலின் படிக்கிறாள். நேற்றிரவு கரண்ட் இல்லை. திண்ணையில் இருந்தபடி போனில் ஒரு பாட்டைப் போட்டாள். "சின்னம்மா, இதக் கேளுங்க. எல்லாரும் பொம்பிளையள்." வயலின், பான்ஜோ, மண்டலின், கிற்றார். முதலில் ஒருத்தி மட்டும் ஸ்கொட்லாந்துக் கேலிக் மொழியில், கருவி எதுவும் இல்லாமல் இழுத்து இழுத்துப் பாடினாள். பிறகு வயலின் சேர்ந்தது, அதன் பின்னால் பான்ஜோ. அமெரிக்க மலைநாட்டுப் புளூகிராஸ் பாணியாம். சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இரண்டாந்தரம் போட்டபோது என் விரல் திண்ணையில் தட்டிக்கொண்டிருந்தது: தகிட தகிட, தகிட தகிட.

இந்த நடையை நான் டச்பாரில் கேட்டிருக்கிறேன்.

*

டச்பார், கல்லடிப் பக்கம், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல். அங்கேதான் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் நெருக்கமாக இருந்தன. போர்த்துக்கீசர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். பத்து வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்ட போர்த்துக்கீசன் போய்விட்டான், அவன் பேச்சு போகவில்லை. போர்த்துக்கீசக் கிரியோல் மொழி இன்றைக்கும் இங்கே சில வீடுகளில் அடுப்படி மொழி. தச்சுவேலை, இரும்புவேலை, தையல் என்று கைத்தொழில் செய்து வாழ்ந்த சனம். கலியாண வீடு என்றால் காப்ரிஞ்ஞா ஆடாமல் முடியாது. வயலின் இழுக்கும், ரபான் அடிக்கும், சோடி சோடியாக ஆடுவார்கள். அந்த ஆறெண்ணிக்கைதான் நேற்றிரவு என் விரலுக்கு வந்தது. அயர்லாந்தில் அதற்கு 'ஜிக்' என்று பெயர், நமக்குத் திஸ்ரம்.

காப்ரிஞ்ஞா என்ற பெயருக்குள்ளேயே ஆபிரிக்கா இருக்கிறது. போர்த்துக்கீசர் படைக்கும் ஊழியத்துக்கும் கொண்டுவந்து இறக்கிய காப்பிரிகளின் ஆட்டம். ஐரோப்பாவின் வயலின், ஆபிரிக்காவின் தாளம், தமிழ் பேசிப் பழகிய வாய். இந்த வாத்தியமும் தாளமும் தெற்கில் சிங்களத்துக்குள் போய் பைலா ஆகின. 1940களில் பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன்ஸ் அதை மேடைக்கும் ரேடியோவுக்கும் ஏற்றினார்.

மட்டக்களப்புப் பறங்கியரின் பாட்டுகளைக் கென்னத் டேவிட் ஜாக்சன் பதிந்து 1990இல் புத்தகமாக்கினார். பிறகு லிஸ்பனிலிருந்து ஹியூகோ கார்டோசோ வந்து பேச்சையும் பாட்டையும் ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்தார். நல்ல வேலை. 2004 டிசம்பர் 26 காலை டச்பாரைக் கடல் வாரிக்கொண்டு போனதற்குப் பிறகு, மிஞ்சிய ஒவ்வொரு குரலும் பதிய வேண்டிய குரல்தான்.

*

இன்றைக்குக் கொஞ்சம் வாசித்தேன். புளூகிராஸ் என்கிறார்களே, அது பழைய நாட்டார் இசை என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் ரேடியோ காலத்துப் பிள்ளை. கென்டக்கிக்காரர் பில் மன்றோ 1939 அளவில் தன் குழுவுக்கு வைத்த பெயர் 'புளூகிராஸ் போய்ஸ்'. அந்தப் பெயரே பாணிக்கும் ஒட்டிக்கொண்டது. வயலினும் பழைய கதைப்பாட்டும் ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்துப் பக்கத்திலிருந்து குடியேறியவர்களோடு வந்தவை. பான்ஜோ, அடிமைகளாகப் பிடித்துக்கொண்டுபோன ஆபிரிக்கரின் கருவி.

அட்லாண்டிக் கரையிலும் இதே இரண்டு பேர், இந்துமாக்கடல் கரையிலும் இதே இரண்டு பேர். ஒருவன் துவக்கோடு இறங்கினான், மற்றவனைக் கட்டி இறக்கினார்கள். பாட்டு இருவருக்கும் நடுவில் பிறந்தது. இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

*

'போய்ஸ்' என்று பெயர் வைத்த குழுவிலும் ஒரு பெண் இருந்திருக்கிறாள். சாலி ஆன் ஃபொரெஸ்டர், 1940களின் நடுவில், அக்கோர்டியன் வாசித்தவள். 1965இல் ஹேசல் டிக்கென்ஸும் அலிஸ் ஜெராட்டும் தங்கள் பெயரிலேயே புளூகிராஸ் இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஹேசல் மேற்கு வேர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கக் குடும்பத்துப் பிள்ளை. அயர்லாந்து இசையில் 'செரிஷ் த லேடீஸ்' 1985இல் நியூயோர்க்கில் தொடங்கியது. 'டெலா மே' 2009இல் பொஸ்டனில். பெண்கள் மட்டும் சேர்ந்த குழுக்கள் என்று இன்றைக்கு இவர்களைக் கொண்டாடுகிறார்கள்.

எனக்கு மனதில் நின்றது வேறொருத்தி. 1916இல் செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் அந்த மலைகளுக்குப் பாட்டுத் தேடிப் போனார். வட கரோலினாவில் ஜேன் ஜென்ட்ரி என்ற பெண் அவருக்கு 60க்கு மேற்பட்ட பாட்டுகளைப் பாடிக் கொடுத்திருக்கிறாள். வாத்தியம் சேர்க்காமல் வாயால் மட்டும் பாடினாள். குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, அத்தனை பாட்டையும் தலைக்குள் வைத்திருந்தாள்.

பாட்டு பெண்ணிடம், கருவி ஆணிடம். அங்கேயும் அப்படித்தான்.

*

நம்முடைய கணக்கையும் எழுதிப் பார்க்கிறேன்.

கூத்து: விடிய விடிய நடக்கும். வடமோடி என்றாலும் தென்மோடி என்றாலும் மத்தளம் அண்ணாவியார் கையில். பெண் வேடத்தையும் ஆணே கட்டினான்.

கண்ணகி அம்மன் கோயில்: வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு வாவியின் இரு பக்கமும், படுவான்கரையும் எழுவான்கரையும், நிறையும். கண்ணகி வழக்குரை படிப்பது பெரும்பாலும் ஆண்கள், சடங்கு செய்வது கப்புகனார். கதை முழுக்க ஒரு பெண்ணின் வழக்கு. பெண்களின் பங்கு குரவை. நாக்கைச் சுழற்றி ஒரே மூச்சில் எழுப்புகிற அந்தச் சத்தம் கோயில் வெளி முழுக்கப் போகும். சொல் கிடையாது.

பறைமேளக் கூத்து: பறை, சொர்ணாளிக் குழல் எல்லாம் ஆண்கள் கையில். அதிலும் சாதியின் பாரம் வேறு. சாவுக்கும் கோயிலுக்கும் அடிக்க ஆள் வேண்டும், அடித்தவனை வாசலுக்குள் விடமாட்டார்கள்.

தாலாட்டு, ஒப்பாரி, ஊஞ்சல் பாட்டு, கவி: இவை பெண்களிடம், கவியில் மட்டும் ஆண்களுக்கும் பங்குண்டு. ஒன்றுக்கும் கருவி கிடையாது.

*

கவி பற்றித் தனியாக எழுத வேண்டும். கிழக்கு மாகாணத்து முஸ்லிம் ஊர்களில் கவி என்றால் நாலடியில் நெஞ்சைத் திறந்து வைப்பது. மச்சானுக்கு மச்சி கட்டுவாள், மச்சிக்கு மச்சான் கட்டுவான். வயல் வட்டைக்குள் காவல் புரையிலிருந்து ஒருவன் படித்தால், கதிர் பொறுக்கப் போன பெண்களுக்குள்ளிருந்து பதில் வரும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் ஆயுள் முழுக்க இவற்றைச் சேர்த்தார். அவர் சேர்த்திராவிட்டால் பாதி போயிருக்கும். பெண்கள் கட்டிய கவிகளில் இருக்கிற துணிவை அச்சில் பார்க்கிறபோது இப்பவும் எனக்கு வியப்பு. முகத்துக்கு நேரே பேச முடியாததையெல்லாம் மெட்டுக்குள் வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே வட்டையில் குனிந்து நின்று ஒருத்தி கவிக்கு மற்றவள் சிரித்த காலம் இருந்தது. 1990இன் கொலைகள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வேலி போட்டன. அதற்குப் பிறகு வெட்டுகிற மிஷின் வந்தது. பொறுக்கக் கதிரும் இல்லை, படிக்க ஆளும் இல்லை.

*

போன கிழமை பாய் வாங்கப் போன வீட்டில் ஒரு மூத்தம்மா. எழுபது தாண்டியிருக்கும். பன் பாய் இழைக்கிறவ. காய்ந்து, சாயம் ஏறின பன் பக்கத்தில் கட்டுக் கட்டாக. சிவப்புப் பன்னை ஒன்றின் கீழ் ஒன்றாக விட்டு இழுக்கும்போது ஒவ்வொரு இழுவைக்கும் 'சரக்' என்று ஒரு சின்னச் சத்தம். தண்ணீர் தொட்ட விரல், நுனியில் நகம் தேய்ந்து போயிருந்தது. அந்தச் சத்தத்தின் மேலே முணுமுணுத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டா. பாயை ஓரத்தில் வைத்தா.

"படிங்க உம்மா, கேக்கத்தான் வந்த" என்றேன்.

யோசித்தா. முதலடி வந்தது, இரண்டாமடி வரவில்லை. திரும்பவும் தொடங்கினா, திரும்பவும் நின்றது. வெட்கமில்லை, உண்மையாகவே வரவில்லை. கடைசியில் சொன்னா: "சும்மா இரிந்து படிக்க வராது மகள். அந்தப் பாய இஞ்சால தா."

பாய் மடிக்கு வந்தது. சரக், சரக். நாலடியும் வந்தன.

*

ஸ்கொட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் கம்பளித்துணி நெய்தபின் அதை நனைத்து, ஒரு நீளப் பலகையைச் சுற்றிப் பெண்கள் இருந்து அடித்து இறுக்குவார்களாம். நனைப்பது பழைய மூத்திரத்தில். சாயம் பிடிக்கவும் துணி இறுகவும். ஒருத்தி அடியெடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். அந்தப் பதிலில் பாதிக்கு மேல் பொருளில்லாத அசை, நம்முடைய தன்னானே போல. காதல், சாவு, ஊரில் எவன் எவளைப் பார்த்தான் என்ற கதை எல்லாம் அதற்குள். ஆண்களுக்கு அங்கே இடமில்லை. மார்கிரட் ஃபே ஷோ என்ற அமெரிக்கப் பெண் தென் யூயிஸ்ட் தீவில் வருடக்கணக்கில் தங்கிப் பாட்டுச் சேர்த்து 1955இல் புத்தகம் போட்டாள். ஒரு தடவைத் துணியடிப்பில் ஒரே பாட்டை இரண்டு தரம் பாடினால் தரித்திரம் என்றொரு நம்பிக்கையும் இருந்ததாம். அப்படியென்றால் எத்தனை பாட்டு வைத்திருந்திருக்க வேண்டும்!

நெசவுக்குப் பேர்போன நம் மருதமுனைத் தறிகளை நினைத்தேன்.

பெறாமகள் போட்ட அந்தக் கேலிக் பாட்டின் வேர் இந்தப் பலகையில்தான். இன்றைய பெண்கள் செய்திருக்கிற காரியம், பலகையிலிருந்த பாட்டை எடுத்து, ஆண்கள் கையிலிருந்த வயலினையும் பான்ஜோவையும் வாங்கி, இரண்டையும் தாங்களே சேர்த்துக் கட்டியது.

*

நம்மிடமும் இருந்தது: சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை. ஏழு பெண்கள். ஆய்ச்சி மாதரி ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயர் வைக்கிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள். ஆள்தான் சுரம். இதைவிடப் பெரிய பெண்கள் இசைக்குழு எந்த மொழியில் இருக்கிறது? காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூலில் இந்த ஏழு சுரங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் மூழ்கிக் கிடந்தார். நூல் அரங்கேறிய 1947இலேயே காலமானார். பழந்தமிழ்ப் பாணரோடு ஊர் ஊராகப் போன விறலியரும் பாடினியரும் பெண்கள்தான். நடுவில் எப்போது நாம் அந்தக் கைகளிலிருந்து எல்லாவற்றையும் வாங்கி வைத்தோம்?

*

வாங்கியதைத் திருப்பி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். திண்டுக்கல்லில் சந்திரா என்ற அருட்சகோதரி தலித் பெண்பிள்ளைகளைச் சேர்த்துச் சக்தி கலைக்குழு தொடங்கினார். பறையைத் தோளில் மாட்டி, ஆடிக்கொண்டே அடிக்கிற பெண்கள்.

மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்த பெண்களோடு நின்ற அமைப்பு. அவர்களுடைய கலைக்குழு வீதி நாடகமும் பாட்டுமாக ஊர் ஊராகப் போனது. ஓவியர் கமலா வாசுகியும் தோழியரும் பாடுகிற பாட்டுகளை மார்ச் 8 ஊர்வலங்களில் கேட்டிருக்கிறேன். தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே பாட்டுக்குக் கை தட்டுவதை 1990க்குப் பிறகு நான் திரும்பப் பார்த்தது அங்கேதான்.

அப்படியொரு நாளில், வெயில் ஏறமுன்னர், ஒரு பிள்ளை வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயில் பறையின் தோலைக் காட்டிக்கொண்டிருந்தாள். திருப்பித் திருப்பிக் காட்டினாள். இடையில் விரலால் சுண்டி, காதைக் கிட்டக் கொண்டுபோனாள். 'பொத்' என்றது. இன்னும் கொஞ்சம் சூடு. மறுபடியும் சுண்டினாள். 'டண்' என்றது. பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குத் தோலின் சத்தம்தான் முக்கியமாக இருந்தது.

*

என் ஆசையை எழுதி வைக்கிறேன். டச்பார் வயலின். படுவான்கரைப் பறை. பாய் இழைக்கிற மூத்தம்மாவின் கவி. மூன்றும் ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள் இருக்கின்றன. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுகிறதா என்று ஒவ்வொரு பறுவத்துக்கும் ஓடத்தில் போய்த் துடுப்பைக் காதில் வைக்கிற ஊர் இது. பெறாமகளிடம் சொன்னேன். "காப்ரிஞ்ஞாவ எந்தச் சுருதியில எடுக்கிறது சின்னம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியே எனக்குப் போதும்.

*

இன்று திரும்பவும் மூத்தம்மா வீடு. பெறாமகளையும் கூட்டிப் போனேன். ஹெப்ரிடீஸ் பெண்கள் துணியடிக்கிற பாட்டொன்றைப் போனில் போட்டோம். மூத்தம்மா பாயை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சரித்துக் கேட்டா.

"என்ன வேல செய்யிறாளுகள்?"

வேலை செய்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவேயில்லை. பெறாமகள் என்னைப் பார்த்தாள்.

"துணி அடிக்கிறாங்க உம்மா, ஈரத்துணி."

"பாரந்தான்" என்றா. சிவப்புப் பன் முடிந்து பச்சையை எடுத்தா. பாட்டும் முடிந்தது. "இன்னொருக்காப் போடு மகள்."

அந்தத் தீவுப் பெண்களின் நம்பிக்கை நினைவுக்கு வந்தது. பெறாமகளுக்கும் வந்திருக்க வேண்டும். வேறொரு பாட்டைத் தேடிப் போட்டாள்.