புக்கிட் ஜாலில் போய் வருவோமா?

கிள்ளானில் கொமியூட்டர் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, எல்.ஆர்.டி. மாறிப் போனால் புக்கிட் ஜாலில். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அந்நாளில் புத்ரா அரங்கம் எனப்பட்ட உள்ளரங்கைக் காட்டுங்கள்.

2000-ஆம் ஆண்டு உலக மேசைப்பந்துக் குழுப் போட்டி அங்கே நடந்தது. ஆடவர் இறுதியாட்டத்தில் சுவீடன் 3-2 எனச் சீனாவைச் சாய்த்தது. வென்ற குழுவில் வால்ட்னருக்கு வயது 34! அதன்பின் 2024 வரை அக்கோப்பையைச் சீனாவிடமிருந்து எவரும் பறித்ததில்லை. 2004-இல் சென்னை வீரர் சரத் கமல் காமன்வெல்த் பட்டம் வென்றதும் கோலாலம்பூரில்தான்.

ஒன்பதடி நீளம், ஐந்தடி அகலம், அவ்வளவுதான் மேசை. மழை பெய்தாலும் ஆட்டம் நிற்காது. நம் தோட்ட மண்டபத்தில் அதற்கா இடமில்லை? சீனாவே தோற்றது நம் நாட்டில்தான் என்று சொல்லி, பிள்ளைகள் கையில் மட்டையைக் கொடுங்கள்!