மழைக்கால ஹலோவீனும் வளர்ந்த பிள்ளைகளும்



ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில், ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில், இரண்டு கேள்விகள் எப்போதும் எங்கள் காதில் விழும். "மழை என்று சொல்கிறார்கள், பிள்ளைகளை அனுப்புவதோ?" என்பது ஒன்று. "இவனுக்கு மீசை முளைத்துவிட்டது, இன்னும் பை தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதோ?" என்பது மற்றது. எங்கள் வீட்டில் ஐந்து வயதில் ஒருவனும் ஒன்பது வயதில் ஒருத்தியும் இருக்கிறார்கள். அக்கா குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மேல்மாடியில் இருப்பதால், பதினைந்து வயதுப் பெறாமகனும் எங்களோடுதான். தொழிலோ தாதித் தொழில். ஆகவே இரண்டு கேள்விகளும் சுற்றிவளைத்து எங்களிடம் வந்துவிடுகின்றன.

இவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்றும் உண்டு. விசுவாசிகள் இதற்குப் போகலாமா என்பது. எங்கள் சபையிலேயே அன்று வெளி விளக்கை அணைத்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒக்டோபர் 31 சீர்திருத்த நாள். 1517இல் மார்ட்டின் லூத்தர் தம் 95 கூற்றுகளை வெளியிட்டதை நினைவுகூரும் நாள் என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேறு குடும்பங்கள், ஹலோவீன் என்ற பெயரே சகல பரிசுத்தவான்களின் நாளுக்கு முந்திய மாலையைக் குறிப்பதுதானே என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்புகின்றன. ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தை ஆறுதலாக வாசித்தால், இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லாமல் ஒரே மேசையில் தேநீர் குடிக்கலாம். எங்கள் வீடு போகிற வீடு. பேயும் இரத்தமும் வேண்டாம், தேனீயும் தீயணைப்பு வீரரும் போதும் என்பது எங்கள் ஒழுங்கு.

முதலில் மழையைப் பார்ப்போம்.

ரொறன்ரோவில் ஒக்டோபர் முடிவில் பகலில் பத்துப் பாகை அளவும், இரவில் நான்கு ஐந்து பாகையும் வழக்கம். ஜனவரிக் குளிரைக் கண்ட எங்களுக்கு அது ஒரு குளிராகவே தெரியாது. ஆனால் ஒரு பிள்ளையின் உடல் விறைத்துப்போவதற்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகவேண்டும் என்றில்லை. நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தாலே போதும். சிறு பிள்ளையின் எடையோடு பார்த்தால் அதன் தோலின் பரப்பு பெரியவரைவிட அதிகம். அதனால் நாங்கள் "இது என்ன குளிர்" என்று நிற்கும்போதே அந்தச் சின்ன உடம்பு சூட்டை வேகமாக இழந்துகொண்டிருக்கும். பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துத் தன்னிலேயே வைத்துக்கொள்ளும். கம்பளியும் ஃபிளீஸ் துணியும் நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். உள்ளே பருத்தி பெனியனுக்குப் பதிலாக அப்படியான ஒன்றைப் போட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

கனடாவில் வளரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த சண்டை அடுத்தது: "கோட் போட்டால் என்ரை வேஷம் தெரியாது!" இதற்கு நாங்கள் கண்ட வழி, வேட உடுப்பை இரண்டு அளவு பெரிதாக வாங்குவது. கோட் உள்ளே போகும். ஸ்பைடர்மேன் கொஞ்சம் கொழுத்திருப்பார், ஆனால் சூடாக இருப்பார். முகமூடி வேண்டாம். மழையில் அது ஈரமாகி மூக்கோடு ஒட்டும், பக்கப் பார்வையையும் மறைக்கும். அதற்குப் பதில் முகத்தில் வர்ணம் பூசலாம். காலுக்கு மழைச் சப்பாத்து. வளர்ந்தவர் ஒருவரின் சட்டைப்பையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய உலர்ந்த காலுறை ஒரு சோடி இருக்கட்டும். காற்றடிக்கும் இரவில் குடையைச் சின்னவர்கள் கையில் கொடுக்கவேண்டாம். அது கண்ணையும் மறைக்கும், பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகும். உள்ளே உள்ள வேடம் தெரியக்கூடிய மெல்லிய மழை அங்கியே நல்லது. தொய்வு உள்ள பிள்ளை என்றால் இன்ஹேலரை வீட்டில் விட்டுப் போகவேண்டாம். குளிர்காற்றில் ஓடி ஓடிப் படியேறும்போதுதான் அது தேவைப்படும்.

குளிரைவிட எங்களைப் பயப்படுத்துவது வாகனம். அமெரிக்காவின் 42 ஆண்டு விபத்துப் பதிவுகளைப் பார்த்த கனேடிய ஆய்வாளர்கள், ஹலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து மற்ற மாலைகளைவிட 43 வீதம் அதிகம் என்று எழுதினார்கள். அதிலும் நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கே ஆபத்து மிகக் கூடியது. 2007இலிருந்து இங்கே கடிகாரத்தைப் பின்வைப்பது நவம்பர் முதல் ஞாயிறு என்பதால், ஒக்டோபர் 31 அன்று ரொறன்ரோவில் ஆறு மணிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் சூரியன் மறையும். வேலை முடிந்து காரில் வருபவர்களும் சின்னக் கால்களும் தெருவில் சந்திப்பது அந்த நேரத்தில்தான். மழையில் கண்ணாடித் துடைப்பான் ஆடிக்கொண்டிருக்கும்போது கறுப்பு உடுப்புப் போட்ட பிள்ளையைச் சாரதிக்குத் தெரியாது. முதுகிலும் பையிலும் ஒளி தெறிக்கும் பட்டியை ஒட்டுங்கள். தெருவின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, சந்தியில் கடந்து, மறுபக்கம் வாருங்கள். நல்ல வீட்டைக் கண்டு குறுக்கே பாய்வதுதான் கூடாது.

எப்போது வீட்டுக்குத் திரும்புவது? பிள்ளை நடுங்கினால் திரும்பிவிடுங்கள். விரலால் பையைத் திறக்க முடியாவிட்டாலும், வாயாடி திடீரென்று பேசாமல் வந்தாலும் திரும்பிவிடுங்கள். நடுங்குகிற உடல் இன்னும் தன்னைச் சூடாக்கப் போராடுகிறது. நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, கால் தடுமாறி, நித்திரை தூங்கினால் அது அவசர நிலை, 911ஐ அழையுங்கள். சாதாரணக் குளிர் என்றால் ஈர உடுப்பைக் கழற்றி, துடைத்து, போர்வை சுற்றி, இளஞ்சூட்டில் பாலோ மைலோவோ கொடுங்கள். மரத்துப்போன கையைத் தேய்க்கவேண்டாம், கொதிநீரில் வைக்கவும் வேண்டாம். உணர்வில்லாத தோல் சுடுவதை அறியாது.

இடி இடித்தால், மரக்கிளை முறிக்கும் காற்று வீசினால், போகவே வேண்டாம். 2019இல் அப்படியான புயல் வருகிறது என்று தெரிந்ததும், மொன்றியல் நகர முதல்வர் வலெரி பிளாந்த் ஹலோவீனை நவம்பர் 1க்குத் தள்ளிவைக்கும்படி குடும்பங்களைக் கேட்டுக்கொண்டார். கியூபெக்கின் வேறு பல ஊர்களும் அப்படியே செய்தன. சிலர் சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். எங்களுக்கு அது நல்ல புத்தியாகவே பட்டது. இன்னொரு பக்கம், 1991இல் ஒக்டோபர் 31 தொடங்கி மினசோட்டாவில் கொட்டிய பனிப்புயலில் மினியாபொலிஸ் பகுதியில் 28 அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தது. அன்று பனிச் சப்பாத்தோடு போன பிள்ளைகள் இன்று தாய் தகப்பனாகி அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஈரமும் பனியும் பிள்ளைகளுக்கு நினைவுகளைத் தரும். புயலும் கறுப்புப் பனிவழுக்கலும் தருவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பெரியவர்களின் வேலை.

இனி வயது.

சில ஊர்கள் இதற்குச் சட்டமே போட்டன. நியூ பிரன்சுவிக்கின் பாதர்ஸ்ட் நகரில் 14 வயதுக்கு மேல் கூடாது என்று இருந்தது. பிறகு அதை 16 ஆக உயர்த்தினார்கள். வெர்ஜீனியாவின் செசப்பீக் நகரில் 1970இலிருந்து எல்லை 12 வயது. மீறினால் சிறை என்றுகூட எழுதி வைத்திருந்தார்கள். 2019இல் சிறையை எடுத்துவிட்டு வயதை 14 ஆக்கினார்கள். எண்கள் இப்படி மாறுவதைப் பார்த்தாலே, சரியான எண் என்று ஒன்று எவரிடமும் இல்லை என்பது விளங்கும்.

தாதிகளாக எங்களுக்கு இதில் சொல்ல ஒன்று உண்டு. உயரத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது. ஒரே வகுப்பில் உள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் ஒருவன் எட்டு வயதுபோல் இருப்பான், ஒருத்தி தாயைவிட உயர்ந்திருப்பாள். வயதைப் பார்த்து மனதின் பருவத்தையும் சொல்ல முடியாது. பதினேழு வயதிலும் ஆறு வயதின் மகிழ்ச்சியோடு வாழும் பிள்ளைகள் எங்கள் சபைகளிலும் இருக்கிறார்கள். பேச்சு வராத பிள்ளை வாசலில் "நன்றி" சொல்லாமல் நிற்கலாம். நீண்ட நோயில் படுத்து, சிறு வயதின் ஹலோவீன்களை மருத்துவமனைக் கட்டிலில் கழித்த பிள்ளைக்குப் பதினான்கு வயதில்தான் தெருவுக்கு வர முடிந்திருக்கலாம். வாசலைத் திறப்பவருக்கு இவை எதுவும் தெரியாது.

எங்கள் பெறாமகனின் கதையும் அப்படித்தான். அவனுக்கு வாழ்க்கையின் முதல் ஹலோவீனே பதினைந்து வயதில் போன வருடம் வந்தது. வகுப்பில் எல்லோரும் கதைப்பதைக் கேட்டு, பழைய சாரமும் தலைப்பாகையும் கட்டி மீனவனாக வெளிக்கிட்டான். தூறலில் இரண்டு சின்னவர்களையும் இரு கையில் பிடித்துக்கொண்டு போனான். ஒரு வீட்டில் சின்னவர்களுக்குக் கை நிறையக் கொடுத்த பெரியவர், இவனை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு வெட்கமில்லையா, இவ்வளவு பெரிய ஆள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அதன்பிறகு அவன் ஒரு வாசலுக்கும் ஏறவில்லை. நடைபாதையில் நின்றபடி சின்னவர்களை மட்டும் அனுப்பினான். வீட்டுக்கு வந்து, "பரவாயில்லை சித்தி, நான் பெரிய ஆள்தானே" என்றான்.

அதை நாங்கள் பரவாயில்லை என்று விட்டுவிடவில்லை. உயரமான, கறுத்த ஒரு பையன் இரவில் வாசலில் நின்றால் சிலருடைய முகம் மாறும். அவனோடு வேலைக்குப் போகும் வயதிலும் அந்த முகம் வரும் என்று எங்களுக்குத் தெரியும். அன்றிரவு மேசையில் இருந்து, அவன் செய்தது பிழையில்லை என்று தெளிவாகச் சொன்னோம். சித்தப்பா தன் பங்குக்கு, ஊரில் கரோல் போன கதையைத் தொடங்கினார்.

யாழ்ப்பாணத்தில் மார்கழி என்றால் மாரிமழை. அந்த மழையில்தான் கரோல் கோஷ்டி வீடு வீடாகப் போகும். வெளிச்சத்துக்குப் பெற்றோமாக்ஸ், நனையாமல் இருக்கப் பொலித்தீன், சேற்றில் புதையும் செருப்பு. பத்து வயதுப் பிள்ளையும் இருப்பார், நாற்பது வயது வாலிப சங்கத் தலைவரும் இருப்பார். எல்லோருக்கும் கேக்கும் கோப்பியும் கிடைக்கும். "உனக்கு வயதாகிவிட்டது" என்று எவரும் கதவைச் சாத்தியதில்லை, ஏனென்றால் வந்தவர்கள் ஒரு பாட்டோடு வந்தார்கள்.

ஹலோவீனின் பழைய வேர்களிலும் அதுதான் இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் வேடம் போட்டு வரும் பிள்ளைகள் ஒரு பாட்டோ கவிதையோ பகிடியோ சொன்ன பிறகே இனிப்பு வாங்குவார்கள். 1950இல் பிலடெல்பியாவில் ஒரு பிரெஸ்பிற்றேரியன் போதகரும் மனைவியுமான கிளைட் அலிசன், மேரி எம்மா அலிசன் தம்பதியர், பிள்ளைகளின் கையில் பெட்டியைக் கொடுத்து யுனிசெப்புக்காகச் சில்லறை சேர்க்கச் செய்தார்கள். கனடாவிலும் 1955 முதல் 2006 வரை செம்மஞ்சள் யுனிசெப் பெட்டி பல பிள்ளைகளின் கழுத்தில் தொங்கியது. இனிப்புக் கேட்கும் கையாலேயே மற்றவருக்கும் சேர்க்கலாம் என்பதை ஒரு போதகர் வீடு கண்டுபிடித்தது எங்களுக்குப் பெருமையே.

ஆகவே வயதுக் கேள்விக்கு எங்கள் வீட்டில் எண் வைக்கவில்லை, ஒழுங்கு வைத்திருக்கிறோம். பதின்மூன்றுக்கு மேற்பட்டவர் போகலாம்; வேடம் போடவேண்டும், வாழ்த்தும் நன்றியும் சொல்லவேண்டும், எட்டு மணிக்கு முடிக்கவேண்டும், சின்னவர் ஒருவரையாவது கூட்டிப்போகவேண்டும். இந்த வருடம் பெறாமகன் இன்னொரு யோசனை சொல்லியிருக்கிறான். வாலிபர் குழு நாலைந்து பேராகச் சேர்ந்து, உணவு வங்கிக்குத் தகர உணவு கேட்டுப் போவது. முதல் நாளே தெருவில் துண்டுப் பிரசுரம் போடுவது. மழை என்றால் எங்கள் வாசலில் தார்ப்பாய் கட்டி, நனைந்து வரும் பெற்றோருக்கு இஞ்சித் தேநீர் ஊற்றுவது. இனிப்புத் தந்தால் வாங்கிக்கொள்வோம் என்றும் சேர்த்துச் சொன்னான். வாங்கட்டும், அவனுக்கு இது இரண்டாவது ஹலோவீன்தானே.

வாசலைத் திறக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். குரல் உடைந்த, உங்களைவிட உயர்ந்த ஒருவன் பையை நீட்டினால் வயது கேட்கவேண்டாம். அவன் அந்த இரவில் வேறு எங்கெங்கோ போயிருக்கலாம். உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறான். ஒரு சொக்லேட்டைப் போட்டு, "வேஷம் நல்லாயிருக்கு தம்பி" என்று சொல்லுங்கள். உங்களுக்கு அதில் நட்டம் முப்பது, நாற்பது சதம்தான்.

தகர உணவு சேர்க்க வரவிரும்பும் வாலிபர், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுங்கள். மழை என்றாலும் போகிறோம். உலர்ந்த காலுறையை மட்டும் மறக்கவேண்டாம்.