குளத்தடி வாடி

மாசி பிறந்தால் எங்கள் சம்பூரில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். பூட்டு என்பது பேச்சுக்கு. படலையைச் சாத்தி ஒரு துண்டுக் கயிற்றைச் சுற்றிவிட்டுப் போவதுதான். காவலுக்கு நாய்கூட நிற்காது. வண்டிலுக்குப் பின்னால் அதுவும் ஓடிவந்துவிடும். அருவி வெட்டி, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, மிதித்து, நெல்லு வீடு வந்து சேரும்வரை குளத்தடியில்தான் சோறு, அங்கேதான் தூக்கம், கோபதாபமும் அங்கேதான். உங்களுக்கும் நினைவிருக்கும். கூனித்தீவாருக்கும் கடற்கரைச்சேனையாருக்கும் இதே கதைதான், குளம்தான் வேறு. குளத்துக்குப் பெயர் இருந்தது. ஆனால் ஊரில் யார் அதைச் சொன்னார்கள்? 'குளத்தடிக்குப் போறம்' என்றால் விளங்கிவிடும்.

இப்போது நாட்டின் பல பக்கங்களிலும் குளக்கரையில் கூடாரம் அடித்துக் கொடுத்து, விறகடுப்பில் சமைத்துப் போட்டு, குடும்பமாக ஓரிரவு தங்குவதற்குக் காசு வாங்குகிறார்களாம். அம்மம்மா இருந்திருந்தால், "காசு குடுத்தோ நுளம்புக்கடி வாங்குறாங்கள்?" என்று கேட்டிருப்பா.

வாடி கட்ட ஆம்பிளைகள் முன்னதாகவே போய்விடுவார்கள். காட்டில் வெட்டிய கவர்க்கப்பு இரண்டு, அதன்மேல் ஒரு வளை, சுற்றிவரக் கம்பு. ஆணி கிடையாது, எல்லாம் கொடிக்கட்டு. கூரைக்கு இலுக்கு, காற்றடிக்கிற பக்கத்துக்கு மட்டும் கிடுகு. தாத்தா கட்டிய முடிச்சை அவரைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. அதில் அவருக்கு ஒரு பெருமை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வராதிருக்கச் சுற்றிவர ஒரு சின்ன வரம்பு. அம்மம்மா வந்ததும் வராததுமாகச் சாணகம் தேடிப் போய் நிலத்தை மெழுகுவா. காய்ந்த பிறகு வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் பன்பாய். முதல் இரவு வைக்கோல் சுணை உடம்பெல்லாம் கடிக்கும். அடுத்த நாள் குளத்தில் முங்கி எழும்பினால் கடி போய்விடும், அல்லது பழகிவிடும். எது என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் குளிப்பைப் பற்றித் தனியாக எழுதலாம். விடிய மூடுபனி தண்ணீருக்கு மேலே தங்கி நிற்கும். குளக்கட்டில் நிற்கிறபோது குளிரும், இறங்கினால் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். கால் வைக்கிற இடமெல்லாம் தாமரைத் தண்டு பிரளும். பெண்களுக்கு ஒரு துறை, ஆண்களுக்கு ஒரு துறை, அதற்கும் அங்காலே மாடுகளுக்கு. ஆக்காட்டி ஒன்று எந்நேரமும் யாரையோ காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். குளித்து முடித்து வரும்போது ஆளுக்கு ஒரு தாமரை இலை பறித்துவர வேண்டும், மத்தியானச் சோற்றுக்கு. சுடுசோறு விழுந்ததும் அந்த இலையிலிருந்து எழும்புகிற வாசத்துக்கு ஈடாக எந்தப் பீங்கானும் எனக்கு இதுவரை அகப்படவில்லை.

மீனுக்குப் பஞ்சமில்லை. விரால், கெளுத்தி, பனையேறி, பிறகு பிறகு ஜப்பான் மீன். சிறுவர் பிடித்ததெல்லாம் பனையேறிதான். முள்ளோடு போராடித் தின்ன வேண்டிய மீன். விரால் அகப்பட்ட நாளில் அடுப்படி அம்மம்மாவின் கையில். அடுப்புச் சாம்பலை அள்ளி மீனில் பிரட்டி, வழுவழுப்புப் போகும்வரை கல்லில் உரசி, திரும்பத் திரும்பக் கழுவுவா. வாடிக்குப் பக்கத்து மரத்தில் உதிர்ந்த புதுப் புளியைக் கரைத்து, தேங்காய்ப்பால் விடாமல், உறைப்பாக ஒரு குழம்பு. அதை இரவே முடிக்க விடமாட்டா. அடுத்த நாள் பழஞ்சோற்றுக்கு அரைச் சட்டி மிஞ்ச வேண்டும். அந்த மிச்சத்துக்காக நடந்த சண்டைகளில் நான் ஒருநாளும் வென்றதில்லை.

இரவில்தான் சூடு மிதிப்பு. நிலவு எழும்பியதும் களவெட்டியில் மாடுகளைப் பிணைத்துச் சுற்றவிடுவார்கள். 'பொலி... பொலியோ பொலி' என்று ஒருவர் இழுக்க, வேறொரு களத்திலிருந்து மறுகுரல் வரும். களத்துக்குள் நாங்கள் வாய் திறக்கக்கூடாது. கண்டபடி பேசினால் பூதம் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று வெருட்டி வைத்திருந்தார்கள். உழவு மிசின் வந்த பிறகு மாடுகள் ஓய்ந்தன. அந்தச் சத்தத்தில் பூதமும் ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டும். சில நாள் சீனன்வெளிப் பக்கத்துக் காட்டிலிருந்து ஆனை இறங்கும். தகரம் தட்டுவார்கள், தீக்கட்டை வீசுவார்கள். தாத்தா மட்டும் வாடி வாசலில் நின்று, "ராசா, நீயும் தின், எங்களுக்கும் கொஞ்சம் விடு" என்று பக்கத்து வீட்டுக்காரரோடு கதைக்கிற குரலில் கதைப்பார். பெரும்பாலும் அது போய்விடும். தகரச் சத்தத்துக்குத்தான் போனது என்று மாமா சொல்வார், தாத்தாவின் காதில் விழாமல்.

குளத்தடிக்கு விருந்தாளிகளும் வருவார்கள். மூதூரிலிருந்து காக்கா ஒருவர் சைக்கிளில் வருவார். பின் கரியரில் கட்டிய பெட்டியில் சவர்க்காரம், சீப்பு, பேரீச்சம்பழம், பெண்களுக்கு ரிப்பன். காசு கேட்கமாட்டார், மரைக்காலில் நெல்லு அளந்து கொடுத்தால் போதும். அளக்கிற அம்மம்மாவும் வாங்குகிற காக்காவும் ஒருவரை ஒருவர் கள்ளர் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அவருடைய வீட்டுக் கலியாணத்துக்கு நாங்கள் தயிர்ச்சட்டி கொண்டுபோனது நினைவிருக்கிறது. பாட்டாளிபுரம் பக்கத்திலிருந்து தேன்காரர் வருவார், பூர்வகுடி ஆள். அதிகம் பேசமாட்டார். போத்தலைத் தூக்கி வெயிலுக்குக் காட்டுவார், அவ்வளவுதான் வியாபாரம். வதையோடு ஒரு துண்டைச் சிறுவர் கையில் வைத்துவிட்டு, மெழுகைத் துப்புகிறோமா விழுங்குகிறோமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். வட்டவிதானையார் வந்தால் மட்டும் பாய் விரித்துத் தேத்தண்ணி. தண்ணீர்ப் பங்கீட்டில் யார் வரம்பை யார் வெட்டியது என்ற வழக்கெல்லாம் அந்தப் பாயில்தான் தீரும், அல்லது பெருக்கும்.

நெல்லு வீடு போகுமுன் குளக்கட்டில் புது அரிசிப் பொங்கல். முதல் படையல் பிள்ளையாருக்கு, பிறகு பத்திரகாளி அம்மனை நினைத்துக் கோயில் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு. பட்டிக்காரருக்கு வதனமார் சடங்கு தனி. அதற்குப் பிறகு வாடியைப் பிரிக்கமாட்டோம். அடுத்த மாரி அதைப் பிரித்துக்கொள்ளும்.

தங்கப் போவதற்குக் குளத்தடியை விட்டால் எங்களுக்கு வேறு இடமா இல்லை? சித்திரை பிறந்து கடல் அடங்கினால் இளக்கந்தைக்குப் போவோம். கரைவலைக்காரரின் வாடியில் ஒரு மூலை தருவார்கள். வலை இழுக்கக் கை கொடுத்தால் மீன். உல்லைக்கழிப் பக்கம் இறாலுக்கென்று போனவர்கள் இரண்டு நாள் கழித்து உப்பு வெள்ளை படிந்த காலோடு வருவார்கள். ஆவணியில் வெருகல் முருகனின் திருவிழா. வண்டில்களை அவிழ்த்து ஆற்றங்கரை மரங்களுக்குக் கீழே சேலையைத் தடுப்பாகக் கட்டினால் அதுதான் வீடு. ஆற்றைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்து நின்ற நேரத்தில் பழகியவர்கள் சம்பந்திகளான கதைகளும் உண்டு. கொட்டியாரத்துக் கரையில் ஒதுங்குவது புதிய வழக்கமும் அல்ல. பாய்மரம் முறிந்து இங்கே ஒதுங்கிய இங்கிலாந்துக் கப்பல்காரர்கள், நொக்ஸ் என்ற தகப்பனும் அதே பெயர்கொண்ட மகனும், 1660இல் மூதூரில் ஒரு புளியமரத்தடியில் இருந்தபோது பிடிபட்டதாகச் சொல்வார்கள். கண்டி ராசாவின் கைதியாகவே தகப்பன் செத்துப்போனார். மகன் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு தப்பி, 1681இல் புத்தகம் வெளியிட்டார். அந்தப் புளிக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. எங்கள் மரங்களுக்கு யார் கல் நடுவார்?

யுத்தத்தால் தொண்ணூறில் ஊர் ஒருமுறை குலைந்தது. பிறகும் போய் வாடி கட்டினோம். 2006 ஏப்ரல் 25 பின்னேரம் குண்டு விழத் தொடங்கியபோது அந்த வருடத்து அறுவடை முடிந்திருந்தது, வைக்கோற்போர்கள் அப்படியே நின்றன. கட்டைபறிச்சானுக்கு ஓடியவர்கள் அங்கும் நிற்க முடியாமல் வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கடைசியில் கிளிவெட்டி முகாமில் வந்து விழுந்தார்கள். கிளிவெட்டியிலிருந்து சம்பூர் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் கண்ணயருமுன் வந்துவிடும். அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்பது வருடம் எடுத்தது.

முகாமில் கொடுத்தது கூடாரம். தாத்தா அதன் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அவிழ்த்துத் தன் முடிச்சைப் போட்டாராம். சுற்றிவர வரம்பும் கட்டினாராம். அம்மம்மா எங்கோ போய்ச் சாணகம் கொண்டுவந்து வாசலை மெழுகினா. பிளாஸ்டிக் விரிப்புக்கு முன்னால் மெழுகிய வாசல். மாசி வந்தால் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் இருப்பார்கள் என்று பெரியம்மா சொன்னா. கூடாரம் தகரக் கொட்டிலான பிறகு, முதலில் அவர், அடுத்த மாரியில் அவ.

எங்களிடமிருந்து எடுத்த நிலத்தில் 2015இல் 818 ஏக்கர் திரும்பியது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் அடுத்த மார்ச்சில். வீடுகள் இருந்த இடத்தில் காடு. கிணறுகளைத் தேடித்தான் வளவுகளைக் கண்டுபிடித்தார்கள். அனல் மின்நிலையத்துக்கென்று எடுத்த நிலம் வேறு கணக்கு. அந்தத் திட்டத்தை 2016இல் கைவிட்டார்கள், வேலியைக் கைவிடவில்லை. இப்போது அதே நிலத்தில் சூரிய மின்சாரம் என்று 2025இல் தொடக்கவிழாவும் நடந்து முடிந்தது. வண்டில்பாதை வேலி வரைக்கும் போகிறது. வண்டில்தான் இல்லை. மாடு கட்டிச் சூடு மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வெட்டும் மிசினுக்கு ஏக்கர் கணக்கில் கூலி கொடுக்கிறார்கள். ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது, தங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான், தன் பிள்ளைகளுக்கு எங்கள் வாடி நின்ற இடத்தைக் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். பெரியம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனோம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, பக்கத்தில் நின்றது மருதமரம் என்று மாமா கையை நீட்டினார். மரம் எதுவும் அங்கே இல்லை. பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விசர்க்கதை கதையாத. மருதமரத்துக்குக் கீழ இருந்து எப்பிடியடா நாங்கள் புளியம்பழம் பொறுக்கினது?"